புது வீட்டின் பூட்டும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பகுதிகளில் புதிதாக வீடு கட்டுவோர், கட்டளை (கதவு நிலை) வைக்கும் நாளிலிருந்து பால் காய்ச்சும் நாள் வரை என்னிடம் கேட்கும் கேள்விகளையும், கதவுச் சாமான்கள் விற்றும் பொருத்தியும் பழகியவன் என்ற முறையில் நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வீடு கட்டும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவை பொருந்தும்.

முன்கதவுக்கு எந்தப் பூட்டு நல்லது?

பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான். நான் முதலில் விடை சொல்லாத கேள்வியும் இதுதான். தேக்கில் செதுக்கு வேலை செய்த முன்கதவுக்குப் பித்தளைக் கைப்பிடியும் விலையுயர்ந்த பூட்டும் வாங்கும் வீட்டிலேயே, அடுக்களைக்குப் பின்னால் உள்ள வொர்க் ஏரியாவின் கதவு மெல்லிய பிளைவுட்டாகவும், அதன் பூட்டு சந்தைக் கடையில் வாங்கிய ஒரு தாழ்ப்பாளாகவும் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். திருட வருபவன் சாலையைப் பார்த்து நிற்கும் கதவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இல்லை. ரப்பர் தோட்டத்தையோ வாழைத் தோட்டத்தையோ பார்த்து நிற்கும் கதவு அவனுக்குப் போதும். என் சொந்த வீட்டிலும் இதே தவறைச் செய்தேன். முன்வாசலுக்குக் கடையிலேயே சிறந்த பூட்டை எடுத்து வைத்தேன். ஒரு கோயில் கொடைத் திருவிழாவின் இரவில் வந்தவன் அதைத் தொடக்கூட இல்லை, அடுக்களைக் கதவின் தாழ்ப்பாளைக் கடப்பாரையால் நெம்பிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கடப்பாரையும் என் விறகுப்புரையில் இருந்ததே.

ஆகவே வீட்டுக்குள் நுழையக்கூடிய வழிகள் அனைத்தையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். முன்கதவு, பின்கதவு, பக்கக் கதவு, மொட்டைமாடிக் கதவு, குளியலறையின் காற்றுச் சாளரம், மாடிப்படிக்குக் கீழே உள்ள ஜன்னல் எல்லாம் அதில் வர வேண்டும். பூட்டுக்கென்று ஒதுக்கிய தொகையை அந்தப் பட்டியல் முழுவதற்கும் பங்கிட்ட பிறகு, முன்கதவுக்கு எவ்வளவு மிஞ்சுகிறதோ அதற்குள் முன்கதவுப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பூட்டைவிடக் கட்டளை முக்கியம் என்று ஆசாரி சொல்கிறார். உண்மையா?

உண்மை. மற்ற ஊர்களில் நிலை என்றும் நம் பக்கத்தில் கட்டளை என்றும் சொல்லும் சட்டகம்தான், கதவை உதைக்கும்போது அடியை வாங்குகிறது. பூட்டின் நாக்கு எஃகால் ஆனது. அது ஒடிவது அரிது. நாக்கு நுழையும் துளையைச் சுற்றியுள்ள மரம் பிளப்பதும், அந்தத் துளையின்மேல் அறைந்த தகடு குட்டைத் திருகாணிகளோடு பெயர்ந்து வருவதுமே வழக்கமாக நடக்கிறது. பூட்டோடு பெட்டியில் வரும் திருகாணிகள் பெரும்பாலும் மிகக் குட்டையானவை. அவற்றைத் தள்ளிவிட்டு, கட்டளையின் உள்மரம் வரை இறங்கும் 75 மில்லிமீட்டர் திருகாணிகளைக் கேட்டு வாங்கிப் பொருத்துங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதும் யோசனைகளில் மிகக் குறைந்த செலவு பிடிப்பதும் மிக அதிகப் பயன் தருவதும் இதுவே.

கட்டளையைச் சுவரோடு பிணைக்கும் ஹோல்டுபாஸ்ட் என்ற இரும்புப் பட்டைகள் பக்கத்துக்கு மூன்று இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று பூட்டு வரும் உயரத்துக்கு அருகில் இருப்பது நல்லது. சுவர் பூசிவிட்டால் இதைப் பார்க்க முடியாது என்பதால், கொத்தனார் கட்டளையை நிறுத்தும் நாளில் நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ கூட இருங்கள். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி வீடு கட்டுவோர் அன்றைக்கு ஒரு காணொலி அழைப்பில் இதைப் பார்த்துவிடலாம்.

மரத்தைப் பொறுத்தவரை தேக்கு, பலா, அயினி ஆகிய மூன்றும் நம் பகுதியில் தலைமுறைகளாகச் சோதிக்கப்பட்டவை. எந்த மரமாயினும் நன்றாக உலர்ந்ததாகவும், வெளிச்சுற்றின் வெள்ளை மரம் சேராத, வைரம் என்ற நடுமரமாகவும் இருக்க வேண்டும். வெள்ளை மரத்தில் கறையான் ஏறினால் வெளிப்பக்கம் வார்னிஷோடு பளபளப்பாகவே இருக்கும். உள்ளே பூட்டின் தகடு மரத்தூளில் நின்றுகொண்டிருக்கும்.

ஸ்டீல் கதவு வைத்தால் இந்தக் கவலை இல்லையல்லவா?

கறையான் கவலை இல்லை. மழைக்கு உப்பிக்கொள்வதும் இல்லை. மேலும் கீழும் நடுவிலும் ஒரே திருப்பில் நாக்குகள் வெளிவரும் பலமுனைப் பூட்டு பல ஸ்டீல் கதவுகளில் உடன் வருகிறது. ஆனால் 'ஸ்டீல்' என்ற சொல் கனத்தைச் சொல்வதில்லை. தகடு எத்தனை மில்லிமீட்டர், கட்டளைத் தகடு எத்தனை மில்லிமீட்டர், உள்ளே நிரப்பியிருப்பது என்ன, பூட்டுப் பழுதானால் மாற்றுப் பூட்டு இங்கே கிடைக்குமா என்ற நான்கையும் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான்காவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், நான் அந்தக் கதவை வாங்க மாட்டேன்.

லீவர் பூட்டு, சிலிண்டர் பூட்டு என்று சொல்கிறார்களே, என்ன வேறுபாடு?

லீவர் பூட்டின் உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு, கூடாமலும் குறையாமலும், தூக்கினால்தான் நாக்கு நகரும். தகட்டைக் குறைவாகத் தூக்கினாலும் அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது என்ற இந்த உத்தியை 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் உருவாக்கினார். திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். தகடுகளின் எண்ணிக்கை கூடக்கூடக் கள்ளச்சாவி போடுவது கடினமாகும்; வீட்டுக் கதவுக்கு 6 லீவருக்குக் குறைந்தது வேண்டாம் என்பது என் கருத்து.

சிலிண்டர் பூட்டில் சிறு குச்சிகளும் அவற்றை அழுத்தும் சுருள்வில்களும் இருக்கும். சரியான சாவி நுழையும்போது எல்லாக் குச்சிகளின் வெட்டும் ஒரே கோட்டில் வந்து உருளை சுழலும். இன்று நாம் பயன்படுத்தும் தட்டைச் சாவியோடு கூடிய இவ்வகைப் பூட்டுக்கு அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1861இல் காப்புரிமை பெற்றார். இதன் பெரிய வசதி, பூட்டின் உடலைக் கழற்றாமலே சிலிண்டரை மட்டும் மாற்றிவிடலாம் என்பது. சாவி தொலைந்தால் ஒரு திருகாணியைக் கழற்றி, ஐந்து நிமிடத்தில் புதுச் சிலிண்டரைச் செருகலாம். லீவர் பூட்டில் பெரும்பாலும் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

"எந்தச் சாவியாலும் திறக்க முடியாத பூட்டு" என்று விற்பனையாளர் சொன்னால் ஒரு பழைய செய்தியை நினைவில் கொள்ளலாம். லண்டனில் 1851இல் நடந்த பெருங்கண்காட்சியின்போது ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், அதுவரை யாராலும் திறக்க முடியாது என்று நம்பப்பட்ட சப் நிறுவனத்தின் பூட்டை அரைமணி நேரத்துக்குள்ளும், 200 கினி (அன்றைய பிரிட்டிஷ் பணம்) பரிசு அறிவிக்கப்பட்டிருந்த பிராமா நிறுவனத்தின் பூட்டைப் பதினாறு நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பிலும் திறந்து காட்டினார். பூட்டு திருடனைத் தடுப்பதைவிட அவனைத் தாமதப்படுத்துகிறது. நம் ஊரில் கம்பிகளை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பூட்டைத் திறப்பவனைவிடக் கடப்பாரையோடு வருபவனே அதிகம் என்பதால், உள்ளமைப்பின் நுட்பத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நாக்கின் நீளத்துக்கும் கட்டளையின் உறுதிக்கும் கொடுப்பது நல்லது. நாக்கு குறைந்தது 20 மில்லிமீட்டராவது வெளியே நீள வேண்டும்; 25 கிடைத்தால் மேலும் நல்லது.

கதவுக்குள் குடைந்து வைக்கும் பூட்டா, கதவின் உட்புறத்தில் மேலாக வைக்கும் பூட்டா?

குடைந்து வைக்கும் மார்ட்டிஸ் பூட்டு பார்வைக்கு அழகு. கைப்பிடியும் சேர்ந்தே வரும். ஆனால் அதற்காகக் கதவின் ஓரத்தில் ஆழமாகக் குடையும்போது, பூட்டுக்கு இருபுறமும் மிஞ்சும் மரம் மெலிந்துவிடுகிறது. கதவின் கனம் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மார்ட்டிஸ் பூட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். மேலாக வைக்கும் பூட்டு, குறிப்பாக மூன்று நாக்குகள் வெளிவரும் வகை, பார்வைக்குச் சற்று முரட்டுத்தனமாக இருந்தாலும் மரத்தைக் குடைவதில்லை. முன்கதவில் அழகுக்காக மார்ட்டிஸ் பூட்டும், அதற்கு ஒன்றரை அடி மேலே ஒரு மூன்று நாக்குப் பூட்டும் வைத்தால் உதையின் விசை ஓரிடத்தில் குவியாது. பின்கதவுக்கு இரண்டாவது மட்டும் போதும்.

சிலிண்டர் 60, 70, 80 என்று அளவு கேட்கிறார்கள். எதை வாங்குவது?

அந்த எண் சிலிண்டரின் முழு நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. கதவின் கனத்தோடு இருபுறத் தகடுகளின் கனத்தையும் கூட்டி அளந்த பிறகே வாங்க வேண்டும். நீளமான சிலிண்டரை வாங்கி, அது வெளித்தகட்டைத் தாண்டி விரல் கனத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தால், குறடால் பற்றி ஒடித்துவிடலாம். சிலிண்டரின் நடுவில் திருகாணித் துளை இருக்கும் இடமே அதன் மெலிந்த இடம். வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது.

சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு வைக்கலாமா?

வைக்கலாம், அதை மட்டுமே நம்பக் கூடாது. சாய்வான முனையுள்ள அந்த நாக்கு சுருள்வில்லால் வெளியே தள்ளப்படுவது. இடுக்கில் ஒரு வளையும் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்தால் பின்வாங்கிவிடும். சாவியைத் திருப்பினால் வெளிவரும் சதுர நாக்குத்தான் உண்மையான பூட்டு. மேலும், அடுப்பில் பால் வைத்துவிட்டுச் சிட்டவுட் என்ற முன் திண்ணைக்குப் போனவரை வெளியே நிறுத்திக் காற்று கதவைச் சாத்திவிடுவது இந்தப் பூட்டு வைத்த வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

இரட்டைக் கதவுக்கு என்ன செய்வது?

இரட்டைக் கதவில் பூட்டின் நாக்கு கட்டளைக்குள் போவதில்லை. நிலையாக நிற்கும் மறு கதவுக்குள் போகிறது. அந்த மறு கதவை நிறுத்துவது மேலும் கீழும் உள்ள டவர் போல்ட் என்ற செங்குத்துத் தாழ்ப்பாள்கள். கீழே உள்ள போல்ட் தரையில் டைல்ஸின்மேல் வெறும் கால் அங்குலம் இறங்கியிருந்தால், எத்தனை ஆயிரம் ரூபாய்ப் பூட்டு வைத்தாலும் ஒரு தோள் இடியில் இரு கதவும் சேர்ந்தே திறந்துவிடும். டைல்ஸைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் இறங்கும் துளையும் அதற்குள் ஒரு உலோகக் குழலும் வேண்டும்.

பழைய வீடுகளில் குறுக்குத்தடி இருந்ததே?

இருந்தது, இப்போதும் அதற்கு நிகர் குறைவு. திருவிதாங்கூர்ப் பாணியில் கட்டிய பழைய வீடுகளில் மணிச்சித்திரத்தாழ் என்ற பெரிய அலங்காரத் தாழும், உட்புறத்தில் ஓடாம்பல் என்ற குறுக்குத் தாழும் இருந்தன. சுவரிலிருந்து சுவருக்குப் போகும் ஒரு கனத்த தடி, உதையின் விசையைச் சுவருக்கே கடத்திவிடுகிறது. இரவில் வீட்டில் ஆள் இருக்கும்போது பின்கதவுக்கு இரும்புத் தாங்கிகளில் ஒரு குறுக்குத்தடி போடுவதை நான் இன்றும் பரிந்துரைக்கிறேன். ஆள் வெளியே போகும்போது அது பயன்படாது என்பது மட்டுமே அதன் குறை.

திண்டுக்கல் பூட்டு இன்னும் வாங்கலாமா?

கேட், ஷெட், கிரில் ஆகியவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் செய்வதால் ஒவ்வொரு பூட்டுக்கும் சாவி தனியாக அமைகிறது என்பது அதன் சிறப்பு. இயந்திரத்தில் செய்த தொங்குபூட்டு வாங்குவோர் அதில் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 275 குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

தொங்குபூட்டில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, பூட்டு வலுவாக இருந்தாலும் அதைத் தாங்கும் நாதாங்கி வெளியே தெரியும் நான்கு திருகாணிகளால் நிற்கிறது. திருப்புளி வைத்திருப்பவனுக்குப் பூட்டே ஒரு பொருட்டில்லை. நாதாங்கியை மறுபுறம் நட்டு வைத்து முடுக்கும் போல்ட்டுகளால் பொருத்தி, போல்ட்டின் தலையை வெல்டிங் செய்துவிடுங்கள். இரண்டு, முன்கதவில் தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று சாலையில் போகும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகையால் முன்கதவில் தொங்குபூட்டைத் தவிர்த்து, உள்ளிருந்தா வெளியிலிருந்தா பூட்டியது என்று தெரியாத பூட்டை வைப்பதே நல்லது.

மழைக்காலத்தில் கதவு இறுகி, பூட்டு விழாமல் போகிறது. என்ன காரணம்?

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் முழுமையாகப் பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஜூன் முதல் டிசம்பர் வரை மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. நாக்குக்கும் துளைக்கும் இருந்த நேர்கோடு விலகுகிறது. கோடையில் கச்சிதமாகச் செதுக்கிய கதவுதான் மழையில் இறுகும். ஓரங்களில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வார்னிஷ் அடிக்காமல் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஈரம் நுழைவது அவ்விரு விளிம்புகள் வழியாகத்தான். கதவைத் தொங்கவிடும் முன்பே அவ்விரண்டையும் பூசிவிட வேண்டும். இறுகிய கதவை இழைப்புளியால் மழையிலேயே செதுக்கிவிட்டால், பங்குனி வெயிலில் அந்த இடைவெளி கடப்பாரை நுழையும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று வேறொரு சிக்கல். மேலே முலாம் பூசிய துத்தநாகக் கலவைக் கைப்பிடிகள் சீக்கிரம் பொரிந்துவிடும். கெட்டிப் பித்தளையோ, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304 வகையைவிட 316இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் குப்பியில் உறைவது சிலிண்டருக்குள்ளும் உறையும். எந்தச் சமையல் எண்ணெயும் தூசியைப் பிடித்துக் குச்சிகளை ஒட்டவைக்கும். சிலிண்டர் பூட்டுக்குக் கிராபைட் தூள் போதும். அது கையில் இல்லையென்றால், சாதாரண எழுது பென்சிலின் முனையைச் சாவியின் இருபுறமும் நன்றாகத் தேய்த்துப் பத்துமுறை செருகி எடுங்கள்.

விரல்ரேகைப் பூட்டு நம்பத் தகுந்ததா?

வீட்டில் உள்ளோர் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். நம் பகுதியில் கசுவண்டி (முந்திரி) ஆலையில் வேலை செய்யும் பெண்களின் விரல்களை அதன் தோட்டிலிருந்து வரும் அரிக்கும் எண்ணெய் பாதிக்கிறது. ரப்பர் பால் வெட்டுவோர், கயிறு திரிப்போர், சிமெண்டில் கை வைப்போர் ஆகியோரின் ரேகைகளும் தேய்கின்றன. ரேஷன் கடையில் விரல் வைத்து நான்குமுறை துடைத்து மறுபடியும் வைக்கும் அம்மா, மழையில் நனைந்து வந்து தன் வீட்டு வாசலிலும் அப்படி நிற்க நேரும். வாங்குவதற்கு முன், வீட்டில் மூத்தவரைக் கடைக்கு அழைத்து வந்து அவருடைய விரலைக் காட்சிப் பூட்டில் பதிந்து பாருங்கள். பதியாவிட்டால் எண் கடவுச்சொல்லும் அட்டையும் உள்ள வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இவ்வகைப் பூட்டுகள் பெரும்பாலும் நான்கு பேட்டரிகளில் இயங்குகின்றன. பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க ஒரு முனையும், உலோகச் சாவி போடும் துளையும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தச் சாவியை வீட்டுக்குள் பீரோவில் பூட்டி வைத்துவிட்டுக் கடைக்கு ஓடி வந்தவர்கள் உண்டு. அதை உறவினர் வீட்டில் வையுங்கள். இன்னொன்று, எத்தனை நவீனப் பூட்டானாலும் அதன் நாக்கும் கட்டளையும் மேலே சொன்ன விதிகளுக்குக் கட்டுப்பட்டவையே. தொடுதிரையைப் பார்த்து மயங்கி, நாக்கை அளக்க மறந்துவிட வேண்டாம்.

ஜன்னலுக்கும் மொட்டைமாடிக்கும் என்ன செய்யலாம்?

ஜன்னல் கம்பிகள் 12 மில்லிமீட்டர் கனத்தில், நான்கு அங்குல இடைவெளியில் இருந்தால் போதும். அவற்றைக் கட்டளை மரத்தைத் துளைத்துக் கோத்திருக்க வேண்டும், வெளிப்புறம் திருகாணியால் ஒட்டிய கிரில் கழற்றுவதற்கு எளிது. மொட்டைமாடிக் கதவு யார் கண்ணிலும் படாதது. அங்கே போய்விட்டவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்பதால் பின்கதவுக்குச் சமமான பூட்டு அங்கும் வேண்டும். மாடியைத் தொடும் பலாக்கிளையை வெட்டுங்கள். கட்டுமானம் முடிந்ததும் கொல்லையில் கிடக்கும் ஏணி, கடப்பாரை, மண்வெட்டி ஆகியவற்றை உள்ளே வைத்துப் பூட்டுங்கள். ஓட்டு வீடாயிருந்தால் ஓட்டுக்குக் கீழே கம்பி வலையோ மரத்தட்டோ அவசியம்.

இவ்வளவு பூட்டினால், தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது?

நல்ல கேள்வி, கேட்பவர்கள் மிகக் குறைவு. உட்புறமும் சாவி போட்டுத்தான் திறக்க முடியும் என்ற பூட்டைப் படுக்கையறைகளுக்கு அருகில் உள்ள வெளிக்கதவில் வைக்காதீர்கள். உள்ளே கையால் திருப்பும் குமிழ் இருக்கட்டும். அக்கதவில் கண்ணாடிப் பகுதி இருந்து, அதை உடைத்துக் குமிழைத் திருப்பிவிடலாம் என்ற அச்சம் இருந்தால், கண்ணாடிக்கு உட்புறம் கம்பி வையுங்கள். மாடியில் ஒரு ஜன்னல் கிரிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் சாவி எட்டும் தூரத்தில், ஆனால் ஜன்னலுக்கு வெளியிலிருந்து கை நீட்டினால் எட்டாத இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்க வேண்டும்.

வீட்டு வேலை நடந்தபோது சாவி பலரிடம் இருந்தது. மாற்ற வேண்டுமா?

ஆம். வயரிங் செய்தவர், பெயிண்டர், டைல்ஸ் போட்டவர் என்று குறைந்தது ஐந்து கைகளில் சாவி புழங்கியிருக்கும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். அவர்களிடமிருந்து சாவி எங்கே போயிற்று என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். வேலைக்காலம் முழுவதும் ஒரு மலிவான சிலிண்டரை வைத்துவிட்டு, பால் காய்ச்சும் நாளுக்கு முந்திய மாலையில் உண்மையான சிலிண்டரைப் போடுங்கள். சாவியோடு வரும் எண் பொறித்த வில்லையைச் சாவிக்கொத்தில் மாட்டி வைக்காதீர்கள். அந்த எண்ணைக் கொண்டு நகல் சாவி செய்ய முடியும். தாக்கோல் என்று நாம் சொல்லும் சாவியைப் பூந்தொட்டியின் கீழும், மின்மீட்டர் பெட்டியின் மேலும், செருப்புக்குள்ளும் வைக்கும் பழக்கத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

கேமரா எத்தனை வேண்டும்?

நான்கு பொதுவாகப் போதும்: வாசல் கேட், முன்கதவு, பின்கதவு, மாடிப்படி. ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் நான்கும் இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ஜிகாபைட் ஆகும். ஒரு டெராபைட் வட்டில் பதினோரு நாட்களுக்கு மேல் நிற்காது. மாதக்கணக்கில் பூட்டிப் போடும் வீட்டுக்கு இதற்கேற்பப் பெரிய வட்டு வாங்க வேண்டும். பதிவுப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்தால் திருடுபவன் அதையும் எடுத்துப் போவான். நிறுவனம் வைத்துத் தந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். ஐப்பசி இடிமழையில் கருகிப்போன கேமராக்களைப் பார்த்தவன் என்பதால், மின்னல் பாய்வுத் தடுப்பானையும் சேர்த்தே வாங்கச் சொல்கிறேன். அடுத்த வீட்டு முற்றமும் குளியலறைப் பக்கமும் படத்தில் வராமல் கோணத்தைத் திருப்புவது மரியாதை மட்டுமன்று. எத்தனையோ சண்டைகளைத் தவிர்க்கும். ஆள் இல்லாத வீட்டை முதலில் கவனிப்பது கேமராவன்று, அந்த அடுத்த வீட்டுக்காரர்தான்.

வெளிநாட்டில் வேலை; வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிறது. என்ன ஏற்பாடு?

வாரம் ஒருமுறை யாராவது வந்து முற்றம் பெருக்கி, கேட்டில் செருகிய நோட்டீசுகளை எடுத்து, ஒரு ஜன்னலைத் திறந்து சாத்த வேண்டும். புல் முழங்கால் உயரம் வளர்ந்த முற்றம் தொங்குபூட்டைவிட உரக்கப் பேசும். இருட்டினால் எரிந்து விடிந்தால் அணையும் விளக்கு நல்லது; பகலிலும் எரியும் விளக்கு தீமையே செய்யும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் காலத்தை எழுதிக் கொடுத்தால் ரோந்தின்போது பார்ப்பார்கள். எல்லைக்கு அப்பால் வீடு இருப்போர் கேரளக் காவல்துறையின் 'போல் ஆப்' (POL-APP) என்ற செயலியில் பூட்டிய வீடு பற்றிய விவரத்தைப் பதியலாம். விமான நிலையத்தில் எடுத்த குடும்பப் படத்தை அன்றே ஸ்டேட்டஸில் போடாமல், போய்ச் சேர்ந்து திரும்பிய பிறகு போடலாம்.

நகையை வீட்டில் வைக்கலாமா?

அன்றாடம் அணிவதைத் தவிர வேண்டாம். இரும்புப் பீரோ ஒரு திருப்புளிக்கே வளையும். அதன் சாவியும் பெரும்பாலும் அதன் மேலேயே இருக்கும். வங்கிப் பெட்டகம் பற்றிய ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகள் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை. ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் அது 2 லட்சம்; உள்ளே இருக்கும் நகையின் மதிப்பு அதைத் தாண்டினால் தனிக் காப்பீடு தேவை.

வீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறோம். திருட்டுக்கும் பணம் வருமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிரஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீடு அடிப்படையில் தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கானது. அந்த நிகழ்வுகளால் விளைந்து ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டை மட்டுமே அது ஏற்கிறது. சாதாரணமாகப் பூட்டை உடைத்துத் திருடினால் அது உதவாது. கன்னக்களவுக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதிலும் வலுவில் உடைத்து நுழைந்த அடையாளம் கேட்பார்கள் என்பதால், பின்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன நாளுக்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது.

திருட்டு நடந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கதவு உடைந்திருப்பதைக் கண்டால் உள்ளே போகாதீர்கள். வந்தவன் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்று 112ஐ அழையுங்கள். காவலர்கள் வரும்வரை கதவு, பீரோ, சிதறிக் கிடக்கும் துணி எதையும் தொட வேண்டாம்; வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் புகார் கொடுக்கப் போவது நம் பக்கத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

எல்லையோரத்தில் வாழ்வோருக்கு ஒரு செய்தி முக்கியமானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். உங்கள் வீடு பாறசாலையில் இருந்து, நீங்கள் களியக்காவிளையில் இருந்தால், "அது எங்கள் எல்லை இல்லை" என்ற விடையோடு திரும்ப வேண்டியதில்லை. மின்னணு வழியாகவும் தகவல் அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுக்கு அது தேவைப்படும். நகைகளின் படங்களும் ரசீதுகளும் கைப்பேசியில் மட்டும் இருந்தால் கைப்பேசியோடு போய்விடும் என்பதால், ஒரு பிரதி வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ இருக்கும் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும்.